அலுவலக மெயில் உங்கள் போனில்: அழிக்கும் அதிகாரம் யாரிடம்?

உம்ரா முகவர் நிலையம் ஒன்றின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் கடவுச்சீட்டுப் பிரதிகள், அடையாள அட்டை இலக்கங்கள், தடுப்பூசி அட்டைகள், பெண்களின் புகைப்படங்கள் என்று ஓர் ஊரின் பாதி விபரம் அதற்குள் இருக்கும். இவை அலுவலகக் கணினியில் மட்டும் இருப்பதில்லை. அங்கே வேலை செய்யும் மூன்று நான்கு பேரின் சொந்தப் போன்களிலும் இருக்கின்றன. மக்காவிலிருந்து ஹோட்டல்காரர் அனுப்பும் கடிதத்துக்கு இரவு பத்து மணிக்கும் பதில் போட வேண்டியிருப்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது.

சிறு நிறுவனங்களின் மெயில் சேர்வரை ஊழியர்களின் போன்களோடு இணைத்துக் கொடுப்பது என் தொழில். முதலாளிமார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மெயில் போனுக்கு வருமா?" வரும், ஐந்து நிமிட வேலை. போன் தொலைந்தால் என்ன, ஊழியர் விலகினால் என்ன என்று கேட்பவர் அபூர்வம். அதற்கான பதில், எந்த முறையில் இணைக்கிறோம் என்பதிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

பழைய முறை 'பொப்'. இது சேர்வரில் உள்ள கடிதத்தைப் போனுக்கு இறக்கும். சேர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கும்படி சொல்லியிருக்காவிட்டால் அங்கிருந்து அழித்தும் விடும். காலையில் ஒருவர் பஸ்ஸில் போனைத் திறந்தால், அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்தக் கடிதம் வராது. போனுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது 'ஐமெப்'. கடிதங்கள் சேர்வரிலேயே இருக்கும். போனில் வாசித்ததும் அழித்ததும் கணினியிலும் அப்படியே தெரியும். சிறு கடைக்கு இது போதும். இணைப்பு 993 என்ற போர்ட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குறியாக்கம் இல்லாமல் 143 இல் இணைத்தால், சாப்பாட்டுக் கடையின் வைஃபையில் உங்கள் கடவுச்சொல் வெட்டவெளியில் போகும். சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை வந்தால் "பரவாயில்லை" என்று அமத்தி விடுவதும் அதே ஆபத்துத்தான். சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் ஐமெப்பில், தொலைந்த போனில் உள்ளதைத் தூரத்திலிருந்து அழிக்க வழியில்லை. கடவுச்சொல்லை மாற்றினால் புதிய கடிதம் போகாது. ஏற்கனவே இறங்கியது அந்தப் போனிலேயே கிடக்கும். போதாததற்கு, நம்மவர்களின் நிறுவனங்களில் ஒரே முகவரியை, ஒரே கடவுச்சொல்லோடு நான்கு பேர் பாவிக்கிறார்கள். ஒருவர் விலகினால் அதை மாற்றி மற்ற மூன்று போன்களிலும் திரும்பப் போட வேண்டும். அந்தக் கரைச்சலுக்குப் பயந்து யாரும் மாற்றுவதில்லை. விலகியவர் பக்கத்துத் தெருவில் போட்டி நிறுவனத்தில் இருந்துகொண்டே உங்கள் வாடிக்கையாளரின் கடிதத்தை வாசிக்கலாம். ஆளுக்கொரு கணக்கு என்பதை நான் இப்போது நிபந்தனையாகவே வைக்கிறேன்.

மூன்றாவது, மைக்ரோசொப்டின் 'எக்ஸ்சேஞ்ச் அக்டிவ்சிங்க்'. கடிதத்தோடு நாட்காட்டியும் தொடர்பு இலக்கங்களும் சேர்ந்து வரும். போனில் திரைப்பூட்டைக் கட்டாயமாக்கலாம். தொலைந்தால் அழிக்கவும் செய்யலாம். சிக்கல் இந்த இடத்தில்தான். கணக்கைச் சேர்க்கும்போது, பூட்டு விதிக்கவும் எல்லாத் தரவையும் அழிக்கவும் சேர்வருக்கு அனுமதி தருவீர்களா என்று போன் கேட்கும். வாசிக்காமலே எல்லோரும் சம்மதம் என்று அமத்துகிறார்கள். முழு அழிப்புக் கட்டளை போனால், மெயில் மட்டும் போகாது. பிள்ளைகளின் படங்கள், வட்ஸ்அப், மௌத்தான வாப்பாவின் குரல் பதிவு, எல்லாம் போய்ப் போன் புதிதாக வாங்கிய நிலைக்கு வந்துவிடும்.

சண்டை பிடித்துக்கொண்டு விலகிய ஓர் ஊழியரின் போனை இப்படி அழிக்கும்படி ஒரு நிறுவனம் என்னிடம் கேட்டது. அது அவர் சொந்தக் காசில் வாங்கிய போன். கணக்கை மட்டும் அகற்றும் கட்டளை எக்ஸ்சேஞ்சின் புதிய பதிப்புகளில் இருப்பதைக் காட்டி, அதை மட்டும் செய்து கொடுத்தேன். கடிதங்கள் முதலாளியுடையவை, போன் அவருடையதல்ல. இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அதனால்தான் ஊழியர்களின் சொந்தப் போன்களில், போனோடு வரும் மெயில் செயலியை விட அவுட்லுக் செயலியையே போடுகிறேன். அழிப்புக் கட்டளை வந்தாலும் அவுட்லுக்கின் உள்ளே இருப்பது மட்டுமே அழியும்.

கட்டளை வேலை செய்வதற்குப் போன் இணையத்தில் இருக்க வேண்டும். திருடியவன் சிம்மைக் கழற்றிவிட்டால் அது போய்ச் சேராது. ஆகவே முதல் காவல் திரைப்பூட்டுத்தான். எத்தனை நாள் கடிதங்கள் போனில் இருக்க வேண்டும் என்ற தெரிவையும் ஒரு வாரத்துக்குக் குறையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் உம்ரா போய் வந்தவரின் கடவுச்சீட்டு இன்று ஊழியரின் சட்டைப் பையில் ஏன் இருக்க வேண்டும்?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரிய கம்பனிகளுக்குத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், வாடிக்கையாளர் தந்தது அமானிதம் என்பதையாவது மறுக்க மாட்டோம். போனை இணைக்க முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள்: போன் யாருடையது, எதை அழிக்கலாம், தொலைந்தால் எத்தனை மணித்தியாலத்தில் அறிவிக்க வேண்டும், விலகும் நாளில் கணக்கை யார் அகற்றுவது. முதலாளி தராவிட்டால் ஊழியரே கேட்டு வாங்கலாம். அதுவரை உங்கள் படங்களை வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.