மின்னல் வேகத்தில் பறக்கும் 'மர்ம ஆசாமி'!
இத்தாலி மலைக்கடியில் வலைவீச்சு. போடியில் குகை தோண்டத் தடை

ராஜபாளையம்.
மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர், எல்லார் உடம்பையும் ஒரு ஆசாமி ஊடுருவிப் போகிறான் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பார்த்தவர் யாருமில்லை. பெயர்: கரும்பொருள். பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் 100-க்கு 85 பங்கு இவன்தானாம்!

ஆளைக் காட்டிக்கொடுத்தது எது?

நட்சத்திரக் கூட்டங்களின் ஓரத்தில் உள்ள நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணில் படாத எடை ஏதோ இழுத்துப் பிடிக்கிறது. அதுதான் துப்பு.

இவனுடைய சாதாரண வேகமே வினாடிக்கு 200 கி.மீ.க்கு மேல். ஒரு வினாடியில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பத்து தடவை போய்வரலாம்! ஆனால் அந்த வேகத்தில் எடை குறைந்த கரும்பொருள் எலக்ட்ரானை இடித்தால் பெரிய கருவிக்கு உறைக்காது. விண்வெளிக் கதிர் மோதி, ஒளிவேகத்தை நெருங்கி வருகிறவன் இருந்தால்? அவன் இடித்த எலக்ட்ரான் தெறிக்கும். சின்ன வெளிச்சம் மின்னும். அதைப் பிடிக்கத்தான் காத்திருக்கிறார்கள்.

285 தடயம்!

இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில், சுமார் 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே, திரவ செனான் நிரப்பிய 'செனான் 1டி' கருவி. 2020-ல் அங்கே பரபரப்பு. சுமார் 232 எலக்ட்ரான் தெறிப்பு வரவேண்டிய இடத்தில் 285 வந்தது. "வேகக் கரும்பொருளாக இருக்குமோ?" என்று பலர் கட்டுரை எழுதினார்கள். 2022-ல் பெரிய கருவி வைத்துப் பார்த்தார்கள். கூடுதல் தெறிப்பு மாயம்! டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கொஞ்சம் கலந்திருந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. ஆசாமி சிக்கவில்லை.

நம்ம மலையில்?

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு வடக்கே, தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் குகை குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட 2015-ல் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டம். கரும்பொருள் தேடவும் அங்கே இடம் ஒதுக்கும் யோசனை இருந்தது. தண்ணீர் போகும், மலை அதிரும் என்று சுற்றுவட்டார விவசாயிகள் எதிர்த்தார்கள். புலிகள் போய்வரும் பாதை கெடும் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் தமிழக அரசு எதிர்ப்புத் தெரிவித்தது.

மதுரையில் 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவி மட்டும் தரைமேல் நிற்கிறது. ஆனால் மேலே பாறை இல்லை. விண்வெளிக் கதிர் மழையாய்க் கொட்டும். சந்தைக் கூச்சலில் கொசு ரீங்காரம் கேட்குமா? அதற்குத்தான் மலை வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். மலைதான் எங்கள் சோறு என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.