நினைவுகூர்தலும் கற்றலே

நுழையும்முன்

இரவெல்லாம் விழித்திருந்து படித்தும் தேர்வறையில் விடை நினைவுக்கு வராதபோது, ‘எனக்கு நினைவாற்றல் இல்லை’ என்று மாணவர் பலர் தம்மையே நொந்துகொள்கின்றனர். குறை நினைவாற்றலிலா, படிக்கும் முறையிலா? கற்றல் குறித்து நிலவும் சில தவறான நம்பிக்கைகளை இப்பாடம் ஆராய்கிறது.

திரும்பத் திரும்பப் படித்தல்

ஒரு பாடத்தை நான்காம் முறை படிக்கும்போது சொற்கள் தடையின்றி ஓடுகின்றன. அந்தப் பழக்கத்தையே அறிவு என்று மனம் மயங்குகிறது. எதிரில் வருபவரின் முகம் தெரிந்திருந்தும் பெயர் நினைவுக்கு வராமல் நாம் திகைப்பதில்லையா? கண்டு அறிவது வேறு. நினைவிலிருந்து எடுத்துரைப்பது வேறு. தேர்வு பெரிதும் வேண்டுவது பின்னதையே.

அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு பகுதியை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்த பகுதியே மேலோங்கியது: 81 விழுக்காடு, மற்றது 75. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடமோ நிலைமை தலைகீழாயிற்று: இருமுறை படித்தது 42 விழுக்காடு, நினைவுகூர்ந்து எழுதியது 56. நடக்க நடக்க ஒற்றையடிப்பாதை தெளிவதுபோல, நினைவுகூருந்தோறும் நினைவு வலுப்பெறுகிறது.

ஒரே மூச்சில் படித்தல்

செர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே ஆய்வுப்பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதியை அளந்தார். 1885இல் வெளிவந்த அவரது நூல், ஒரே அமர்வில் குவிக்கும் பயிற்சியைவிட, நாள்களுக்கிடையே பகிர்ந்தளிக்கும் பயிற்சி சிறந்தது என்று காட்டியது.

கண்வழியா, செவிவழியா?

‘நான் கண்ணால் கற்பவன், கேட்டுக் கற்பது எனக்கு வராது’ என்பதும் பரவலான நம்பிக்கை. ஒருவருக்கு ஒரு முறையில் விருப்பம் இருக்கலாம். ஆனால், விருப்பத்திற்கேற்பக் கற்பித்தால் கற்றல் சிறக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்டு பாஷ்லர் முதலிய நால்வர் 2008இல் ஆராய்ந்துரைத்தனர். முறையை முடிவுசெய்வது பெரும்பாலும் பாடப்பொருளே. நிலப்படத்தைக் கண்ணால் காண வேண்டும். வெண்பாவின் ஓசையைச் செவியால் கேட்க வேண்டும்.

நூலை மூடியபின் விடை வரத் தயங்குவது தோல்வியன்று. கற்றல் நிகழும் இடமே அதுதான். ஆதலின், ‘என்னால் இயலாது’ என்று முடிவுகட்டும் முன், படிக்கும் முறையை மாற்றிப் பார்த்தல் நலம்.

கற்பவை கற்றபின்

இப்பாடத்தின் கருத்துகளை நூலைப் பாராமல் ஐந்து தொடர்களில் எழுதுக. விடுபட்டவற்றை நூலில் கண்டறிந்து, மூன்று நாள் கழித்து மீண்டும் எழுதி ஒப்பிடுக.