அலகு தவறினால் ஆபத்து!

தேர்வில் விடை எண் சரியாக இருந்தும், அலகு எழுதாத குற்றத்துக்காக அரை மதிப்பெண் குறைக்கப்படும்போது நம்மில் பலருக்குக் கோபம் வருவதுண்டு. "எண் சரிதானே, அலகில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறோம். 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் கனடா நாட்டு வானில் நடந்த ஒரு நிகழ்ச்சி இக்கேள்விக்கு விடை கூறுகிறது. அன்று 69 உயிர்கள் ஊசலாடின. அளவீடு, இயக்கம், வெக்டர் ஆகிய மூன்று பாடங்களும் அந்நிகழ்ச்சியில் அடங்கியிருப்பதால் அதனை ஒரு கணக்காகவே இங்கே காண்போம்.

எரிபொருள் கணக்கு

ஏர் கனடா நிறுவனத்தின் 143ஆம் எண் விமானம் மான்ட்ரியல் நகரிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்ல வேண்டும். அது போயிங் 767 வகையைச் சேர்ந்த புதிய ஜெட் விமானம். அப்போது கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் பழைய விமானங்களில் எரிபொருள் பவுண்டில் கணக்கிடப்பட்டது. இப்புதிய விமானத்திலோ கிலோகிராமில். அன்று எரிபொருள் காட்டும் கருவி பழுதாகியிருந்தமையால், தொட்டிகளை அளவுகோல் கொண்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்?

நாம் செய்து பார்ப்போம். ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை 0.803 கிலோகிராம். எனவே தொட்டியில் உள்ளது 7,682 × 0.803 = 6,169 கிலோகிராம். மேலும் தேவைப்படுவது 16,131 கிலோகிராம். அதாவது சுமார் 20,088 லிட்டர்.

அன்று விமான நிலையத்தில் செய்த கணக்கு வேறு. பெருக்கும் எண்ணாக 1.77 என்பதை எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் எண். 7,682 × 1.77 = 13,597. இதைக் கிலோகிராம் என்று கருதி 22,300இலிருந்து கழித்தார்கள். மீதி 8,703. அதை 1.77ஆல் வகுக்க, 4,917 லிட்டர் போதும் என்று விடை வந்தது. தேவையில் கால் பங்குதான் நிரப்பப்பட்டது! பெருக்கல், கழித்தல், வகுத்தல் யாவும் சரியே. விமானத்தில் 22,300 இருந்ததும் உண்மையே. ஆனால் அது 22,300 பவுண்டு. கிலோகிராமில் சொன்னால் சுமார் 10,100தான்.

ஒட்டாவாவில் மீண்டும் அளந்தபோதும் அதே 1.77ஆல்தான் பெருக்கினார்கள். தவறான எண்ணைக் கொண்டே சரிபார்த்தால் தவறு எப்படி வெளிப்படும்? யானைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான்.

இத்தவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு படியிலும் அலகை எழுதுவது. லிட்டரை, லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பதால் பெருக்கினால் விடை பவுண்டில் வரும். கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழிக்கலாகாது என்று தாளே சொல்லிவிடும். மற்றொன்று, அனுபவ அறிவு. ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது நம் வீடுகளில் அனைவரும் அறிந்ததே. ஒரு லிட்டர் தண்ணீரின் நிறையே ஒரு கிலோகிராம்தான் எனும்போது, மண்ணெண்ணெய் 1.77 கிலோகிராம் இருக்க முடியுமா?

என்ஜின் இல்லாத இயக்கம்

விமானம் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எச்சரிக்கை மணி ஒலித்தது. வின்னிபெக் நகரை நோக்கித் திரும்பி இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் இரண்டு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் விமானத்தைச் சறுக்கவிட்டார். துணை விமானி மாரிஸ் குவின்டல் (நம் நெல் மண்டிக் குவிண்டாலை நினைவூட்டும் பெயர்!) 10 கடல் மைல் செல்வதற்குள் 5,000 அடி உயரம் குறைந்ததைக் கவனித்தார். ஒரே அலகுக்கு மாற்றினால் 18,520 மீட்டருக்கு 1,524 மீட்டர். அதாவது 12 மீட்டர் முன்னேற 1 மீட்டர் இறக்கம்.

இதை ஒரு பாடக் கணக்காக்குவோம். உயரம் 8,000 மீட்டர் எனில் எட்டக்கூடிய தொலைவு 8 × 12 = 96 கிலோமீட்டர். பியர்சன் பிடித்த வேகம் மணிக்கு 220 கடல் மைல். அதாவது விநாடிக்குச் சுமார் 113 மீட்டர். இத்திசைவேகத்தைப் பகுத்தால் கிடைக்கூறு 112.6 மீட்டர், செங்குத்துக் கூறு 9.38 மீட்டர். தரையைத் தொட 853 விநாடி ஆகும். 14 நிமிடத்துக்குச் சற்று அதிகம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினாலோ, இறங்கும் நேரம் மாறாது. ஆனால் தரையைப் பொறுத்த வேகம் 102.6 ஆகி, தொலைவு சுமார் 87.5 கிலோமீட்டராகக் குறையும்.

இத்தகைய கணக்கினால்தான் வின்னிபெக் எட்டாது என்று தெரிந்தது. தாம் முன்னர் விமானப் படையில் பணியாற்றிய கிம்லி என்னும் இடத்தைக் குவின்டல் கூறினார். அங்கிருந்த பழைய ஓடுபாதை கார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்ததும், அன்று மக்கள் கூடியிருந்ததும் அவருக்குத் தெரியாது.

வெக்டர் காத்த உயிர்கள்

கிம்லியை நெருங்கியபோது சிக்கல் தலைகீழாயிற்று. விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் இருந்தது. மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடி ஓடுபாதையைத் தாண்டிவிடும். சீரான சறுக்கலில், எடையின் பாதை வழிக் கூறும் காற்றின் இழுவை விசையும் சமம். ஆகவே இழுவையை அதிகமாக்கினால், வேகத்தைக் கூட்டாமலே சரிவைச் செங்குத்தாக்கலாம். என்ஜினில்லாக் கிளைடர் ஓட்டிப் பழகிய பியர்சன் அதையே செய்தார். வாலிலுள்ள சுக்கானை ஒரு புறமும், இறக்கைகளின் மடிப்புகளை எதிர்ப்புறமும் திருப்பினார். விமானத்தின் மூக்கு ஒரு திசையிலும் அதன் திசைவேகம் வேறு திசையிலும் அமைந்தன. காற்று விமானத்தின் பக்கவாட்டில் மோத, இழுவை பெருகியது. உயரம் விரைவாகக் குறைந்தது.

முன்சக்கரம் சரியாகப் பூட்டிக்கொள்ளாததால் மூக்கு தரையில் உரசிற்று. அந்த உராய்வும் விமானத்தை நிறுத்த உதவியது. விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். திடலில் இருந்தவர்களுக்கும் தீங்கில்லை. பழுது பார்க்கப்பட்ட அவ்விமானம் 2008ஆம் ஆண்டுவரை பறந்தது.

அளவீட்டுப் பாடத்தை மறந்ததால் வந்த ஆபத்தை, இயக்கப் பாடமும் வெக்டர் பாடமும் நீக்கின. முதலாண்டு மாணவ நண்பர்களுக்கு ஒரு பயிற்சி: மேலே கண்ட கணக்கில் எதிர்க்காற்றுக்குப் பதில் அதே வேகத்தில் பின்காற்று வீசினால் விமானம் எவ்வளவு தொலைவு செல்லும்? விடை காணுங்கள், மறவாமல் அலகையும் எழுதுங்கள்.