கணக்குப் புத்தகம் யார் கையில்?

2025 ஜூலை 16 அன்று அசோக் லேலண்ட் பங்கின் விலை பாதியானது. முந்தைய நாள் 250 ரூபாயை ஒட்டி முடிந்த பங்கு, அன்று 125 ரூபாயை ஒட்டி வியாபாரமானது. கம்பெனிக்கு எந்தக் கேடும் வரவில்லை. கையில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு என்று போனஸ் அறிவித்திருந்தார்கள். அதற்கான கணக்கு நாள் அது. பங்கு இரண்டானது, விலை பாதியானது. ஆனால் போனஸ் பங்குகள் டீமேட் கணக்கில் வந்து சேர்ந்து விற்பனைக்குத் தயாராகச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை, போனஸைக் கணக்கில் எடுக்கத் தெரியாத முதலீட்டுக் கணக்குச் செயலி எதுவானாலும் பாதிப் பணம் போய்விட்டது என்றே சொல்லும்.

வடசென்னை எண்ணூருக்கு இது சொந்த ஊர்ச் செய்தி. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் தாய்த் தொழிற்சாலை இருப்பது அங்கேதான். பக்கத்தில் திருவொற்றியூரில் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அது பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆகி, 2023 ஜூன் 13 அன்று அதன் ஒரே ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையை முதலில் தொட்ட பங்கு அதுதான். அதே திருவொற்றியூரில் 1950-களிலிருந்து புல்லட் வண்டி தயாரித்த என்ஃபீல்டு, 1994-ல் ஐஷர் குழுமத்துடன் இணைந்தது. ஐஷர் மோட்டார்ஸ் 2020 ஆகஸ்டில் 10 ரூபாய் முகமதிப்புள்ள தன் ஒவ்வொரு பங்கையும் ஒரு ரூபாய் முகமதிப்புள்ள பத்துப் பங்குகளாகப் பிரித்தது.

ஒரே கடற்கரைச் சாலையை ஒட்டி வளர்ந்த மூன்று கம்பெனிகள். ஒன்று போனஸ் கொடுத்தது, ஒன்று பங்கைப் பத்தாக உடைத்தது, ஒன்று பல பத்தாண்டுகளாக உடைக்காமலே வைத்திருக்கிறது. முதலீட்டுக் கணக்குக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் வைக்க வேண்டிய பரீட்சை இந்த மூன்றும்தான். பழைய தேதியில் இந்தப் பங்குகளை வாங்கியதாகப் பதிந்து, இன்றைய எண்ணிக்கையும் மதிப்பும் சரியாக வருகிறதா என்று பார்த்தால் போதும். வண்ண வண்ண வரைபடங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

வரிக் கணக்கில் இதன் வலி இன்னும் கூர்மையானது. ஒருவர் 100 ரூபாய் விலையில் 500 அசோக் லேலண்ட் பங்குகளைச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். போனஸுக்குப் பிறகு அவரிடம் 1,000 பங்குகள். சராசரி போடும் செயலி, ஒரு பங்கின் அடக்கவிலை 50 ரூபாய் என்று காட்டும். வருமான வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பழைய 500 பங்குகளுக்கு அடக்கம் 100 ரூபாயாகவே இருக்கும். போனஸாக வந்த 500 பங்குகளுக்கு அடக்கம் பூஜ்யம். டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்கு முதலில் விற்றதாகக் கருதப்படும். ஆக, 125 ரூபாய்க்கு 500 பங்குகளை விற்றால் வரிக்கான லாபம் 12,500 ரூபாய். சராசரிக் கணக்கோ 37,500 என்று சொல்லும். மிச்சமுள்ள 500 பங்குகளை அதே விலைக்கு விற்றால் கிடைக்கும் 62,500 ரூபாயும் முழுக்க லாபம். அதையும் போனஸ் வந்து ஓராண்டுக்குள் விற்றால் குறுகிய கால லாபம் என்று 20 சதவீத வரி. ஓராண்டு தாண்டினால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். தேதியையும் அடக்கவிலையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளாத மென்பொருள் இங்கே உதவாது.

பங்கு வைத்திருப்பவர்கள் கதை இது. வடசென்னையின் பெரும்பாலான வீடுகளில் சொத்து வேறு வடிவத்தில் இருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவருக்குச் சம்பளத் தேதி கிடையாது. படகு கரைக்கு வந்து, மீன் ஏலம் போய், டீசலும் ஐஸும் சாப்பாட்டுச் செலவும் கழிந்த பிறகு மிஞ்சுவதில்தான் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். செலவுக் கணக்குச் செயலிகளில் பெரும்பாலானவை திறந்தவுடன் கேட்பது 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்றுதான். இந்தக் குடும்பத்துக்கு மாத வருமானம் என்ற ஒன்றே இல்லை. அதற்குத் தேவை, பத்து மாத வரவைப் பன்னிரண்டு மாதச் செலவோடு பொருத்திக் காட்டும் வருடக் கணக்கு. மே மாதத்தில் 'பட்ஜெட்டைத் தாண்டிவிட்டீர்கள்' என்று ஒலிக்கும் எச்சரிக்கையால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்தது சீட்டு. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் சீட்டு கட்டாத தெரு அரிது. செயலிகளில் அதற்கென்று ஒரு கட்டம் இருப்பதில்லை. 'இதர செலவு' என்று போய்விடுகிறது. இது பெரிய பிழை. ஏலத்தில் எடுக்காதவரை கட்டிய தவணை சேமிப்பு. எடுத்த நாளிலிருந்து, மீதித் தவணைகள் முழுவதும் கடன். இப்படி ஒரே விஷயம் நடுவழியில் சொத்துப் பக்கத்திலிருந்து கடன் பக்கத்துக்கு மாறுவதைப் பதிய முடியாவிட்டால் வீட்டின் நிலவரமே தலைகீழாகத் தெரியும். தண்டல் கடனையும் சரியாகப் பதிய வேண்டும்: காலையில் பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகை எவ்வளவு, தினமும் கட்டும் தொகை எவ்வளவு என்று தேதியோடு எழுதினால்தான் உண்மையான வட்டி வெளியே வரும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இருக்கும் 'எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.' என்ற சூத்திரம் இதற்கென்றே உள்ளது. ஒரு பத்தியில் தேதி, இன்னொரு பத்தியில் போன பணமும் வந்த பணமும். ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். எல்.ஐ.சி. பாலிசி, எஸ்.ஐ.பி., சீட்டு, தண்டல் என்று எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க இதைவிட நேர்மையான கருவி சாதாரணக் குடும்பத்துக்குக் கிடையாது.

நகையைச் சவரனிலும் கிராமிலும் எழுதி வைக்க வேண்டும், ரூபாயில் அல்ல. அடகில் எது, பெட்டியில் எது, மீட்க வேண்டிய கடைசித் தேதி எது என்பதைப் பதிய ஒரு கட்டம் இருந்தால் போதும்.

தொழிற்சாலை, துறைமுக ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கோ பி.எஃப்.தான் பெரிய சொத்து. மணலியிலும் எண்ணூரிலும் கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய பி.எஃப். எண் வந்த காலம் உண்டு. 2014-ல் வந்த யு.ஏ.என். எண், ஒருவருடைய எல்லாக் கணக்குகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர வழி செய்தது. பழைய கணக்குகளைப் புதியதோடு இணைக்கும் வேலையை மட்டும் தொழிலாளியே கேட்டுச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. செயலிகள் இன்னொரு இடத்திலும் சறுக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் வாங்குபவருக்குப் பிடித்தம் 1,800 ரூபாய், முதலாளி பங்கு 1,800. இரண்டையும் கூட்டி மாதம் 3,600 சேர்கிறது என்று எழுதினால் தவறு. முதலாளி பங்கில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது. பி.எஃப். இருப்பில் சேர்வது 2,350 மட்டுமே. பாஸ்புக்கில் ஓய்வூதியத்துக்குத் தனிப் பத்தி இருப்பது அதனால்தான். மென்பொருள் எதைச் சொன்னாலும் இ.பி.எஃப்.ஓ. பாஸ்புக்கில் உள்ள எண்ணையே கணக்கில் ஏற்ற வேண்டும்.

இவ்வளவையும் கையால் பதிவதா என்ற சலிப்பு நியாயமானது. அந்தச் சலிப்பைத்தான் 'குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கொடுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று இலவசச் செயலிகள் பிடித்துக்கொள்கின்றன. வால்நட் என்ற செயலி இந்தியாவில் இந்த வழியில் பிரபலமானது. வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.களைப் படித்து, எங்கே எவ்வளவு செலவானது என்று பிரித்துக் காட்டும். 2018-ல் அதை கேப்பிட்டல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம் வாங்கியது. 2022-ல் இரண்டும் ஆக்சியோ என்ற ஒரே பெயருக்கு மாறின. ஒருவர் எந்தத் தேதியில் கையில் காசில்லாமல் நிற்கிறார் என்பதைத் துல்லியமாக அறிந்த செயலியும் கடன் விற்கும் நிறுவனமும் ஒன்றாவது, சட்டப்படி சரியான வியாபாரம். கணக்கு எழுதுபவர் மட்டும், தான் யாரிடம் எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுத வேண்டும். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் விதிகள், கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கோப்புகளையும் துழாவக் கூடாது என்று தடுத்தன. கடன் செயலிக்காரர்கள் தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்திய கொடுமைகளுக்குப் பிறகு வந்த விதி அது.

செயலிகள் கைமாறுவதோடு நிற்பதில்லை, மூடவும் படுகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் 'மணி' மென்பொருளின் விற்பனையை 2009-ல் நிறுத்தியது. அமெரிக்காவில் கோடிக்கும் மேற்பட்டோரைச் சேர்த்த 'மின்ட்' 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அதே ஆண்டில் இங்கே முதலீட்டுச் செயலிகளில் குவேராவை கிரெட் வாங்குவதாகவும், ஈ.டி. மணியை 360 ஒன் வாங்குவதாகவும் அறிவிப்புகள் வந்தன. ஆகவே எந்தச் செயலியில் சேர்ந்தாலும், பத்து வருடக் கணக்கை ஒரே நிமிடத்தில் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். முடியாது என்றால் அந்தச் செயலியே வேண்டாம்.

பங்கும் மியூச்சுவல் ஃபண்டும் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு நல்ல ஏற்பாடு கையிலேயே இருக்கிறது. 2015 முதல் செபியின் ஏற்பாட்டில், ஒருவருடைய பான் எண்ணின் கீழ் உள்ள டீமேட் பங்குகளும் எல்லா நிறுவன ஃபண்டுகளும் அடங்கிய ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை வருகிறது. வாங்கல் விற்றல் நடந்தால் மாதாமாதம், இல்லாவிட்டால் அரையாண்டுக்கு ஒருமுறை. காசு எதுவும் கிடையாது. ஃபண்டு விவரங்களைப் பராமரிக்கும் இரு பெரிய பதிவகங்களில் ஒன்றான கேம்ஸ், 1988-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். செயலியில் தெரிவது நாம் எழுதிய எண்; இந்த அறிக்கையில் தெரிவது, டீமேட் பங்குகளைக் காக்கும் டெபாசிட்டரியின் பதிவேட்டிலும் ஃபண்டு பதிவகங்களின் பதிவேட்டிலும் உள்ள எண். இந்த வித்தியாசம் முக்கியம். மோசடி வழக்கில் சிக்கிய ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் போட்ட 2,438 கோடி ரூபாயை எந்தச் செயலியிலும் சொத்து என்று பதிந்திருக்க முடியும். எந்தப் பதிவேட்டிலும் அது இருந்ததில்லை.

வங்கிக் கணக்குகளையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, ரிசர்வ் வங்கியின் 2016 விதிகளின்படி உருவாகி 2021 செப்டம்பரில் செயலுக்கு வந்த 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' முறை இருக்கிறது. இடையில் நிற்கும் நிறுவனம் தகவலைக் கடத்தலாம், திறந்து படிக்க முடியாது. யாருக்கு, எதற்காக, எத்தனை நாளுக்கு என்று ஒப்புதலில் எழுதியிருக்கும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எஸ்.எம்.எஸ். அனுமதியைவிட இது பல மடங்கு நாணயமான வழி. நெட்பேங்கிங் கடவுச்சொல்லைக் கேட்கும் செயலியை அந்த நிமிடமே போனிலிருந்து நீக்கிவிடலாம்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு தீர்ப்பு சொல்லித்தான் ஆக வேண்டும். சீட்டும் நகையும் பி.எஃப்பும் கொஞ்சம் ஃபண்டும் உள்ள வடசென்னை வீட்டுக்குக் கூகுள் ஷீட்ஸில் ஒரே கோப்பு போதும்: வரவு செலவுக்கு ஒரு தாள், சொத்துக்கும் கடனுக்கும் ஒரு தாள், சீட்டுக்கும் கடனுக்கும் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். போட ஒரு தாள். பட்டியலிட்ட பங்குகளின் விலையை அதுவே இழுத்துக்கொண்டு வரவும் சூத்திரம் உண்டு. வாரத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பங்குகள் அதிகம் உள்ளவர்கள், கணினியும் வைத்திருந்தால், குனூகேஷ் மென்பொருளைப் பழகலாம். 1990-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் இலவசமாக வளர்த்துவருவது. பற்று வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் பேரேட்டு முறை. பங்குப் பிரிப்பைப் பதியத் தனி வசதி உண்டு. கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். பழக ஒரு மாதமாவது ஆகும் என்பது உண்மைதான். அழகான செயலிகள் இதைவிட எளிது. ஆனாலும் கணக்குப் புத்தகம் சொந்தக் கையில் இருப்பதன் மதிப்பு அந்த எளிமையைவிடப் பெரிது.

அந்தக் கோப்புக்கு நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்து மீனவக் கிராமங்களுக்குள் நுழைந்தது. அப்படி நனைந்த பாஸ்புக்கையும் பாலிசிப் பத்திரத்தையும் காயவைத்து எடுக்க முடியாது. கணக்கு எண்களின் பட்டியல் இணையத்தில் ஒரு நகலாகவும், வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அச்சுப்பிரதியாகவும் இருந்தால், நகல் பத்திரம் கேட்டு அலையும் அலைச்சல் பாதி குறையும்.

கோப்பில் கடைசிப் பத்தியாக 'நாமினி' என்று ஒன்று போடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம். எந்தக் கணக்கிலாவது அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த வாரமே வங்கிக்குப் போய் நிரப்புங்கள். பெற்றோர் விட்டுச் சென்ற கணக்குகள் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், வங்கி வைப்புகளுக்கு ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்திலும், ஃபண்டுகளுக்குச் செபி 2025-ல் கொண்டுவந்த மித்ரா தளத்திலும் தேடிப் பாருங்கள், இரண்டும் இலவசம். கோப்பு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்பதை வீட்டில் இன்னொருவருக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.