ஆளை இழுக்கும் பட்டங்கள்



நம் வீட்டுப் பிள்ளைகள் பட்டம் விடும்போது இழுப்பவர்கள் பிள்ளைகள், இழுபடுவது பட்டம். கிளந்தான் மாநிலத்தின் பெரிய வாவ் பட்டத்தைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்குச் சற்றே மாறுவது தெரியும். இன்று நாம் பார்க்கப் போகும் பட்டங்களிலோ கணக்கு அடியோடு தலைகீழ். பட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது. கடலில் ஒரு பலகையின் மேல் நின்றபடி இழுபட்டுப் போவதைக் கைட்போர்டிங் என்கிறார்கள். பனி மூடிய நிலத்தில் சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு இழுபட்டுப் போவது ஸ்னோகைட்டிங்.

இரண்டுக்கும் ஒரே பட்டம் போதாதா? விளையாட்டுச் சாமான் பற்றிய சின்னக் கேள்விபோல் இது தோன்றலாம். ஆனால் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் பட்டம் தண்ணீரில் விழுந்துவிட்டால், அது மறுபடி எழும்புமா எழும்பாதா என்பது உயிர்ச் சமாசாரம் அல்லவா?

பட்டத்தைக் குதிரைபோலப் பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் போகாக் என்ற பள்ளி ஆசிரியர், பட்டங்கள் இழுத்துச் செல்லும் வண்டி ஒன்றுக்கு 1826-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்துச் சாலைச் சுங்கம் குதிரைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு வாங்கப்பட்டது. குதிரையே இல்லாத வண்டிக்கு எதைக் கேட்பது என்று சுங்கக்காரர்கள் விழித்தார்கள் என்று சொல்வார்கள். 1903-இல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயையே கடந்தார்.

பட்டத்துக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள பிள்ளைகள் பட்டம் அந்தக் காற்றில் சுமார் 2 கிலோ எடை அளவுக்கு இழுக்கும். பத்துச் சதுர மீட்டர் பட்டம் 40 கிலோவுக்குச் சற்று மேலாக இழுக்கும். ஓர் அரிசி மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இதுவரை பயமில்லை. காற்றின் வேகம் இரட்டிப்பானால் இழுப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது! அதாவது 170 கிலோ. அது மட்டுமா? பட்டத்தை வானில் 8 என்ற எண்ணின் வடிவத்தில் ஓட்டினால், அதன் சொந்த வேகமும் காற்றின் வேகத்தோடு சேர்ந்துகொள்ளும். இழுப்பு இன்னும் கூடும். பெரிய பட்டம் ஒரு வளர்ந்த ஆளை ஏன் நிலத்திலிருந்து தூக்கிவிடுகிறது என்பது இப்போது விளங்கும்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தார்ப்பாயைக் கட்டிப் பெரிய பட்டம் செய்து, நூலை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. மழைக்கு முன் வரும் காற்றுக்கு இந்த நான்கு மடங்குக் கணக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. கையில் சுற்ற விடாதீர்கள். மின்கம்பிகளின் அருகில் எந்தப் பட்டமும் வேண்டாம்.

இப்போது பட்டத்தின் வகைகளைப் பார்ப்போம். முக்கியமானவை இரண்டு.

முதலாவது, மூங்கிலோ குச்சியோ எதுவுமே இல்லாத துணிப் பட்டம். பல தலையணை உறைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, அவற்றின் வாய்களைக் காற்று வரும் திசைக்குக் காட்டினால் எப்படி இருக்கும்? காற்றே உள்ளே புகுந்து உறைகளை உப்பவைத்து, விமான இறக்கைபோல் ஆக்கிவிடும். அமெரிக்காவில் டோமினா ஜால்பெர்ட் என்பவர் 1964-இல் கண்டுபிடித்த அமைப்பு இது. இன்று விமானத்திலிருந்து குதிப்பவர்களின் நீள்சதுரப் பாராசூட்டும் இதன் வழி வந்ததே. இதை அறைப் பட்டம் என்று சொல்லிக்கொள்வோம்.

இரண்டாவது, குழாய்ப் பட்டம். இதன் முன் விளிம்பிலும் குறுக்கிலும் சைக்கிள் டியூப் போன்ற குழாய்கள் உண்டு. பம்பால் காற்றடித்தால் அவை விறைத்து, பட்டத்துக்கு எலும்பாகிவிடும். பிரான்ஸ் நாட்டின் பிரிட்டனிக் கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, டோமினிக் லெகெய்னூ என்ற சகோதரர்கள் 1984 நவம்பரில் இதற்குக் காப்புரிமைக்கு மனுச் செய்தார்கள். அவர்களுடைய விபிகா பட்டங்கள் 1997-இல் கடைக்கு வந்தன. கடலில் இந்த விளையாட்டுப் பரவியது அதற்குப் பிறகுதான்.

காரணம், இந்தச் சகோதரர்கள் பட்டம் பறப்பதைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. அது விழுவதைப் பற்றியும் யோசித்தார்கள். காற்றடைத்த குழாய் மிதக்கும். தண்ணீரில் கிடக்கும் பட்டத்தின் பின்கயிறுகளில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் அது மெல்லப் புரண்டு, காற்றைப் பிடித்து, தானே எழுந்துவிடும். காற்றே நின்றுபோனாலும் பட்டத்தைத் தெப்பம்போல் அணைத்துக்கொண்டு கிடக்கலாம். வாய் திறந்த அறைப் பட்டம் கடலில் விழுந்தால் என்ன ஆகும்? அறைகளில் தண்ணீர் நிறைந்து, நனைந்த சாக்குப்போல் கனத்துவிடும். அதைப் பிறகு யாராலும் எழுப்ப முடியாது.

பனிநிலத்தில் இந்த நியாயம் மாறுகிறது. அங்கே மூழ்குவதற்குத் தண்ணீர் இல்லை. விழுந்த அறைப் பட்டத்தின் பின்கயிறுகளை இழுத்தால் அது பின்பக்கமாகவே எழும்பி, மேலே போய்த் திரும்பிக்கொள்ளும். நிறுத்த வேண்டுமானால் கீழே இறக்கி, அதன் மேல் நாலு மண்வெட்டிப் பனியை அள்ளிப் போட்டால் போதும். மடித்தால் முதுகுப் பைக்குள் அடங்கும். பம்பு வேண்டாம். விரல் விறைக்கும் குளிரில் நின்று பம்பு அடிப்பது எவ்வளவு தொல்லை! குழாய்ப் பட்டமோ பாறையிலும் கூரான பனிக்கட்டியிலும் உரசினால் ஓட்டையாகிவிடும். நார்வேயின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் ஓடுபவர்களும் துருவப் பயணிகளும் அறைப் பட்டத்தை விரும்புவது இதனால்தான். 2010-இல் எரிக் மக்நேர்-லாண்ட்ரி, செபாஸ்டியன் கோப்லாண்ட் என்ற இருவர் கிரீன்லாந்தின் பனியில் பட்டத்தின் துணையோடு 24 மணி நேரத்தில் 595 கிலோமீட்டர் ஓடினார்கள்.

அளவிலும் வேறுபாடு உண்டு. தண்ணீரில் பலகையை மேலே எழுப்பி ஓட வைப்பதற்கே நிறைய பலம் செலவாகும். பனியில் உராய்வு மிகக் குறைவு. மேலும், குளிர்ந்த காற்று கனமானது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் உள்ள காற்று, நம் ஊரின் 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகக் கனமுடையது. ஆகவே அதே வேகக் காற்றுக்குப் பனியில் சிறிய பட்டமே போதும். கடலில் பழகியவர் அதே அளவுப் பட்டத்தைப் பனிக்கு எடுத்துப் போனால், பட்டம் அவரைச் சொன்னபடி கேட்க வைக்கும்.

இரு வகையிலும் ஆளைக் காப்பது கயிறும் பிடிகோலும்தான். இடுப்புக் கச்சையில் கொக்கி இருக்கிறது, இழுப்பை உடம்பு தாங்குகிறது. பிடிகோலை முன்னால் தள்ளினால் பின்கயிறுகள் தளர்ந்து பட்டத்தின் சாய்வு குறையும், இழுப்பும் குறையும். நிலைமை மிஞ்சிவிட்டால் கொக்கியின் அருகே உள்ள பிடியை ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் மட்டும் தொங்கிப் பலமிழந்து விழும். அந்தப் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு தேடி எடுக்கப் பழகாதவர், பட்டம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

கடலுக்கும் பனிக்கும் பொதுவான பட்டம் இல்லையா என்றால், உண்டு. அறைகளின் வாயில் ஒருவழி மடிப்பு வைத்த அறைப் பட்டம் அது. உள்ளே போன காற்று எளிதில் வெளியே வராது, தண்ணீரும் உடனே புகாது. ஆனால் சில நிமிடங்கள்தான் அந்தப் பாதுகாப்பு. கீழே தொங்கும் ஏராளமான மெல்லிய கயிறுகள் அலையில் சிக்கிக்கொண்டால் அவிழ்ப்பது பெரும்பாடு.

இருந்தும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட பட்டப் பலகைப் போட்டியில் எல்லோரும் பிடித்தது அறைப் பட்டத்தைத்தான்! மார்செய் நகரக் கடலில் அது நடந்தது. கனமில்லாத, நீண்டு ஒடுங்கிய அறைப் பட்டம் மெல்லிய காற்றிலும் வேகம் தரும். விழுந்தால் தூக்கிவிட மீட்புப் படகுகள் பக்கத்திலேயே நின்றன. தனியாகக் கடலுக்குப் போகிறவருக்கு அந்த வசதி ஏது? அப்போட்டியில் சிங்கப்பூரின் மேக்ஸ்மிலியன் மேடர், 17 வயதில், வெண்கலப் பதக்கம் வென்றார். அன்று ஆகஸ்டு 9, சிங்கப்பூரின் தேசிய தினம். ஆண்கள் போட்டியின் மிகப் பெரிய பட்டம் 23 சதுர மீட்டர். நம் பழைய லயத்து வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது.