பட்டமரத்தை நம்பி வாழும் வல்லூறு

வல்லூறு என்றதும், உயரத்திலிருந்து புறாவின் மீது பாயும் பெரிய பறவையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், இமயமலை அடிவாரம் முதல் பிலிப்பைன்ஸ் வரையிலான காடுகளில், ஏறத்தாழ சிட்டுக்குருவியின் அளவே உள்ள வல்லூறுகளும் வாழ்கின்றன. இவை மைக்ரோஹைராக்ஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. மொத்தம் ஐந்தே இனங்கள். தமிழகத்தில் இவை இல்லை. மலாய் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய இடங்களில் காணப்படும் கருந்தொடை வல்லூறின் நீளம் சுமார் 15 செ.மீ.; எடை 35 கிராம் அளவே இருக்கும்.

உருவம் சிறிதென்றாலும் இவை முழுமையான வேட்டைப் பறவைகள். இலையற்ற உச்சிக்கிளையில் அமர்ந்திருந்து, பறந்து செல்லும் தும்பியையோ அந்துப்பூச்சியையோ சில்வண்டையோ அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு கிளைக்குத் திரும்பும். சிறு பறவைகளையும் சில நேரம் வீழ்த்தும். (மரபணு ஆய்வுகளின்படி வல்லூறுகள் கழுகுகளைவிடக் கிளிகளுக்கே நெருங்கிய உறவினர் என்பது தனிச் சுவையான செய்தி.) வேட்டைப் பறவைகள் பெரும்பாலும் தனித்தே திரிபவை. இவையோ ஒரே கிளையில் பல சேர்ந்து நெருக்கியடித்து அமர்ந்திருக்கும்; இரவில் ஒரே பொந்தில் ஒன்றாக அடையும்.

அந்தப் பொந்துதான் என் கவலை. இவை கூடு கட்டுவதில்லை. மரத்தைக் குடையும் வலிமையும் இவற்றுக்கு இல்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து கைவிட்ட பொந்தில்தான் முட்டையிட முடியும். அப்பறவைகளும் பூஞ்சை தாக்கி உள்ளே இற்றுப்போன மரங்களையே பெரிதும் நாடுகின்றன. மரம் முதிர வேண்டும், உளுக்க வேண்டும், மரங்கொத்தி வர வேண்டும், பிறகு அது விட்டுச் செல்லவும் வேண்டும். அதன் பின்னரே வல்லூறு குடியேற முடியும். செம்பனைத் தோட்டத்தில் மரங்கள் சுமார் 25 ஆண்டுகளில் வெட்டப்பட்டுப் புதிய கன்றுகள் நடப்படுகின்றன. அங்கே இந்தத் தொடருக்குக் காலம் ஏது?

இப்பறவைகள் காட்டோரங்களிலும் வெட்டவெளிகளிலும் எளிதில் கண்ணில் படுகின்றன. அதனால் இவற்றுக்கு ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஒரு பறவை வேட்டையாடும் இடமும் அது குஞ்சு பொரிக்கும் இடமும் ஒன்றல்ல என்பதை இக்கணக்கு மறக்கிறது. வெண்ணெற்றி வல்லூறு போர்னியோவின் வடபகுதியில் மட்டுமே வாழ்வது. அங்குள்ள பொந்துமரங்கள் போனால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

பாதையோரத்திலும் வீட்டருகிலும் விழக்கூடிய பட்டமரத்தை வெட்டத்தான் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. காட்டின் நடுவே நிற்பதையும் 'பயனற்றது' என்று அகற்றுவதைத்தான் ஏற்க இயலவில்லை. மரம் வெட்ட உரிமம் வழங்குவோர், பொந்துள்ள மரங்களுக்கு முன்கூட்டியே அடையாளமிட்டு அவற்றை விலக்கிவைக்க வேண்டும். வெட்டுமரமாக அவை அதிக விலை போவதுமில்லை.