'நோபடி' வீட்டுக் கோப்புகள்

நேற்றுவரை சொந்தக்காரர் பெயரோடு இருந்த கோப்புகள் எல்லாம் இன்று 'நோபடி' கணக்கில் கிடக்கும். எண்ணாகப் பார்த்தால் 65534; சில இடங்களில் 4294967294. கோப்பு தொலையவில்லை. பல கணினிகள் ஒரே சர்வரின் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் என்எஃப்எஸ் முறையில், ஆளுக்குப் பெயர் பொருத்தும் வேலை நின்றுபோயிருக்கிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் வெளியிட்ட முறை இது. பழைய பதிப்புகளில் பயனர் என்றால் வெறும் எண். இங்கே 1001 ஒருவர், பக்கத்துக் கணினியில் அதே 1001 வேறொருவர் என்றால் வம்புதான். நான்காம் பதிப்பு மின்னஞ்சல் முகவரி போலப் பெயரையும் டொமைனையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. பெயரை எண்ணாக்க லினக்ஸ் கெர்னல் 'என்எஃப்எஸ்ஐடிமேப்' என்ற சிறு நிரலைக் கூப்பிடும். கிடைத்த பதிலை ஒரு சாவியாக வைத்துக்கொள்ளும். அதன் ஆயுள், மாற்றாவிட்டால், 600 விநாடி.

ஆக, சாவி காலாவதியாவது கோளாறே அல்ல. மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் உண்டு. ஒருவர் முறை முடிந்தால் இடம் அடுத்தவருக்கு. முறை முடிந்ததில் யாருக்கும் குறையில்லை. சாவியும் அப்படித்தான்; அடுத்ததைக் கூப்பிட ஆளில்லாவிட்டால்தான் சிக்கல்.

'புரோக்' அடைவிலுள்ள 'கீஸ்' கோப்பைத் திறந்தால் சாவிகள் வரிசையாகத் தெரியும். கெடு முடிந்ததன் பக்கத்தில் 'எக்ஸ்பிடி' என்றிருக்கும். அது ஒன்றிரண்டு என்றால் கவலை வேண்டாம். புதுச் சாவியே பிறக்கவில்லை என்றால், பயனர் பட்டியல் வைத்திருக்கும் எல்டாப் சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கெர்னலில் இன்னொரு சந்தேகமும் நியாயம்: ரூட் கணக்குக்கு 200 சாவிதான் அனுமதி. பயனர் கூட்டம் பெரிதானால் இது எந்த மூலைக்கு? 2014-இல் அந்த வரம்பைப் பத்து லட்சமாக்கினார்கள்.

'கீ ஹேஸ் எக்ஸ்பயர்டு' என்ற செய்தியே திரையில் வந்தால் கதை வேறாக இருக்கலாம். பயனர் அடையாளத்தை உறுதிசெய்யும் கெர்பெராஸ் டிக்கெட்டின் காலம் முடிந்தாலும் அதே வாசகம்தான் வரும். 'கேஇனிட்' கொடுத்துப் புதுப்பித்தால் போதும்.

எல்லாப் பெயரும் ஒருசேர 'நோபடி' ஆனால் முதல் சந்தேகம் டொமைன் பெயர்மீது. 'ஐடிமேப்டி.கான்ஃப்' கோப்பில் சர்வர், பயனர் கணினி என இரு பக்கமும் ஒரே பெயர் இருக்க வேண்டும். திருத்தியும் மாறவில்லையே என்று பலர் திகைப்பதுண்டு. பழைய தப்புப் பதில் பத்து நிமிடம் சாவியாகவே உட்கார்ந்திருக்கும். 'என்எஃப்எஸ்ஐடிமேப் -சி' கொடுத்தால் சாவிக்கொத்து காலியாகும்.